போடி வெயிலில் ரொட்டி மாவு

போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பி முந்தலைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில். மெட்டு இருப்பது சுமார் 1,400 மீட்டரில். அந்த ஏற்றத்துக்குள் காற்றின் வெப்பம் ஆறேழு டிகிரி இறங்கிவிடுகிறது. ஒரே பாத்திரத்தில் பிசைந்த ரொட்டி மாவை இரண்டாக்கி, ஒரு பாதியை ஊரில் வைத்துவிட்டு மறுபாதியை மெட்டுக்குக் கொண்டுபோனால், ஊரில் ஒரு மணி நேரத்தில் உப்பி இரட்டிப்பாகும் மாவு மேலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த நாளாக இருந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். மாவும் ஈஸ்டும் உப்பும் மாறவில்லை. சூடு மட்டுமே மாறியிருக்கிறது.

வீட்டில் ரொட்டி சுட்டுப் பார்த்துவிட்டு "நமக்குக் கைவரவில்லை" என்று விட்டுவிட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். புளிப்பு ஏறிப்போனது, நடுவில் அமுங்கிவிட்டது, இரண்டாம் நாளே வாடை வந்துவிட்டது என்று காரணங்கள் சொல்வார்கள். அவர்களின் கையில் குறை இல்லை. குளிர்நாட்டு அடுக்களையை மனதில் வைத்து எழுதப்பட்ட குறிப்பைச் சித்திரை மாதத்துப் போடி அடுக்களையில் அப்படியே பின்பற்றியதுதான் பிசகு. "ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்" என்று எழுதியவரின் அறையில் 22 டிகிரி இருந்திருக்கும். இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு அடுக்களையில் 34 டிகிரி. ஈஸ்டின் வேகம் சுமார் எட்டு முதல் பத்து டிகிரி ஏறும்போது இரட்டிப்பாகிறது. அதனால் அந்த ஒரு மணி நேரம் இங்கே அரை மணி நேரம்தான்.

இந்தக் கணக்கு போடி வீடுகளுக்குப் புதிதல்ல. இட்லி மாவு ஆட்டுகிறவர்கள் எல்லோரும் இதைத் தினமும் போடுகிறார்கள். ஏலத் தோட்டத்து வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறும் பெண்கள், வாரத்துக்கு வேண்டிய மாவை ஓய்வு நாளில் ஆட்டி எடுத்துவைக்கிறார்கள். வெயில் காலத்தில் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பொங்கினதும் உடனே பிரிஜ்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும், மார்கழியில் அடுப்பு மேடை ஓரம் நகர்த்திவைக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் எழுதிக்கொடுத்துப் படித்ததல்ல. மேலே தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள் அதே மாவுப் பாத்திரத்துக்குச் சாக்குச் சுற்றி அடுப்போரம் வைக்கிறார்கள். நுண்ணுயிருக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதைக் கையாலும் மூக்காலும் அளக்கத் தெரிந்தவர்களுக்கு ரொட்டி தூரத்துச் சரக்கல்ல.

இட்லி மாவு ரொட்டி மாவைவிடச் சிக்கலானது என்றே சொல்வேன். 1965இல் நியூயார்க் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இட்லி மாவில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையானது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டெஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். யாரும் அதை வாங்கிப் போடுவதில்லை. உளுந்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலில் அது வளர்ந்து கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் தருகிறது. புளிப்பு ஏற ஏற, அமிலம் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடிக்கின்றன. யார் முந்துகிறார்கள், யார் பிந்துகிறார்கள் என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது. கடையில் வாங்கிய ஈஸ்டைப் போட்டுப் பிசையும் ரொட்டியில் இந்தக் குழப்பம் குறைவு. அதில் பெரும்பாலும் சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற ஒரே பூஞ்சையின் ஆட்சி. சர்க்கரையைத் தின்று வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் வெளியிடுவது அதன் வேலை. அந்தச் சாராயம் அடுப்பில் ஆவியாகிப் போய்விடும்.

வாயு உண்டாவது பாதிக் கதைதான். அது ஓடிவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். அரிசியில் அதற்கான புரதம் இல்லை. உளுந்தின் வழுவழுப்பு, அதாவது அரபினோகேலக்டன் என்ற பசைச் சர்க்கரையும் அதோடு சேர்ந்த புரதங்களும், நுரையைத் தாங்கி நிறுத்துகின்றன. உளுந்தை நன்றாகப் பந்துபோல் ஆட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். கோதுமையில் இந்த வேலையைச் செய்வது குளூட்டன். கோதுமை மாவில் கிளையாடின், குளூட்டெனின் என்று இரு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கிளையாடின் இழுபடும் தன்மையைத் தருகிறது, குளூட்டெனின் இழுத்தபின் திரும்பும் விறைப்பைத் தருகிறது. பிசையும்போது உண்மையில் இந்தப் பின்னலைத்தான் ஒழுங்குசெய்கிறோம். பிசையாமல் தண்ணீர் ஊற்றிக் கலந்து அரை மணி நேரம் சும்மா விட்டாலும் பாதிப் பின்னல் தானாகவே உருவாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கை வலியைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மாவு வாங்கும்போது மைதா பொட்டலத்தின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்து வாங்குங்கள். 10 கிராமுக்குக் கீழே இருந்தால் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் நல்லது. ரொட்டிக்கு 11 கிராமை ஒட்டியாவது இருந்தால் தேவலை. கோதுமையை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாவு வேறு குணம். கல்லில் அழுத்தி அரைபடும்போது மாவுச்சத்தின் மணிகள் உடைகின்றன. உடைந்த மணி முழு மணியைவிடப் பலமடங்கு தண்ணீர் குடிக்கும், நொதிகளுக்கு எளிதில் இரையாகி வேகமாகச் சர்க்கரையாகும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு இதுவே காரணம். ரொட்டியில் இதே குணம் மாவைப் பிசுபிசுப்பாக்கி, புளிப்பை விரைவாக்கி விடுகிறது. போதாததற்குத் தவிட்டுத் துகள்கள் குளூட்டன் பின்னலைக் குறுக்கே அறுக்கின்றன. ஆகவே முழுக்கோதுமை மாவு மட்டும் போட்டுப் பஞ்சுபோன்ற ரொட்டியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஐந்தில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு கோதுமை மாவு என்று கலந்தால் ருசியும் நிற்கும், உயரமும் வரும். சம்பா கோதுமைக்கு உடம்புக்கு நல்லது என்ற பெயர் இருக்கிறது. அதன் குளூட்டன் பலவீனமானது என்பதால் ரொட்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் வாராந்தர ரொட்டி என்றால் ஒரு நாள் உட்கார்ந்து நான்கைந்து ரொட்டி சுட்டு, வாரம் முழுக்க வைத்துத் தின்பது. குளிர்ந்த, உலர்ந்த அடுக்களையில் அது நடக்கும். போடிக்கு அது சரிப்படாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே வாரத்துக்கு ஒருமுறை பிசைய வேண்டும்; சுடுவதை அவ்வப்போது வைத்துக்கொள்ள வேண்டும். இட்லியை மொத்தமாக அவித்துப் பிரிஜ்ஜில் வைப்பவர்கள் உண்டா? மாவைத்தானே வைக்கிறோம்? அதே நியாயம் ரொட்டிக்கும் பொருந்தும். அதற்கு வேதியியலில் இரண்டு காரணங்களும், உயிரியலில் ஒரு காரணமும் இருக்கின்றன.

முதலாவது, ரொட்டி காய்ந்துபோவது. ரொட்டி விறைத்துப்போவதற்கு ஈரம் வற்றுவதே காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் பூசின்கோ 1852இலேயே இது தவறு என்று காட்டிவிட்டார். காற்றுப் புகாமல் மூடி, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்ட ரொட்டியும் விறைத்தது. விறைத்ததைத் திரும்பச் சூடாக்கியபோது மிருதுவானது. ஈரம் போயிருந்தால் சூட்டில் அது திரும்பி வந்திருக்க முடியாது. உள்ளே நடப்பது மாவுச்சத்தின் மறுஅடுக்கு. வேகும்போது நீரைக் குடித்துக் குலைந்த மாவுச்சத்து இழைகள், ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி வரிசைகட்டிப் படிகமாகின்றன. பழைய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான். இந்தப் படிகமாதல் மிக வேகமாக நடக்கும் வெப்பம் பிரிஜ்ஜுக்குள் இருக்கும் நான்கு டிகிரியை ஒட்டியது. சுட்ட ரொட்டியைப் பிரிஜ்ஜில் வைப்பது அதை வேண்டுமென்றே கிழடாக்குவது. வெளியே வைத்தால் ஒரு நாள் கூடுதலாக மிருதுவாக இருக்கும். பிரிஜ்ஜின் மேல்தட்டு உறைப்பெட்டியில், மைனஸ் 18 டிகிரியில், தண்ணீர் அசைவற்று உறைந்துபோவதால் படிகமாதலும் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே ரொட்டிக்கு வெளி உண்டு, உறைப்பெட்டி உண்டு, நடுவில் இருக்கும் தட்டு கிடையாது.

வெளியே வைக்கலாம் என்றால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. அதுதான் உயிரியல் காரணம். கோதுமையின் மேல்தோலில் பேசில்லஸ் சப்டிலிஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். மண்ணில் வாழ்வது அது. தவிட்டோடு மாவில் ஏறிக்கொள்கிறது. ரொட்டியின் மேல்ஓடு 200 டிகிரியை நெருங்கினாலும், ஈரம் இருக்கும் வரை உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும், இந்த வித்துகள் சாகா. ரொட்டி ஆறி 30, 35 டிகிரியில் நிற்கும்போது அவை முளைத்து, மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கத் தொடங்கும். இரண்டாம் நாள் ரொட்டியின் நடுவிலிருந்து அழுகத் தொடங்கும் பழத்தின் வாடை வரும். பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபடும். குளிர்நாட்டு அடுக்களைகளில் இது அபூர்வம். நம்முடைய சூட்டில் சாதாரணம். கடை ரொட்டிப் பொட்டலத்தில் கால்சியம் புரோப்பியோனேட் என்று அச்சிட்டிருப்பது பூஞ்சைக்கும் இதற்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் அந்த மருந்து வேண்டியதில்லை. இந்தப் பாக்டீரியாவுக்குப் புளிப்பு ஆகாது. மாவின் அமிலநிலை சற்றே கூடினால், அதாவது பிஎச் ஐந்துக்குக் கீழே இறங்கினால், வித்து முளைப்பது தடைபடும். பிசையும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைப் புளித்த மோராக மாற்றினால் அந்தப் பாதுகாப்பு கணிசமாகக் கிடைக்கிறது. மோரின் அமிலம் அளவோடு இருக்கும்போது குளூட்டன் பின்னலையும் இறுக்குகிறது. நாள்பட்ட மாவைப் புதுமாவில் சேர்த்துப் புளிக்கவைப்பவர்களுக்கு இது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியின் பழைய முறையும் அப்படி மாவைத் தானே புளிக்கவிடுவதுதான். கோவாவில் போய் என்ற ரொட்டியைத் தென்னங்கள் ஊற்றிப் பொங்கவைத்தார்கள். இலங்கையில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றும் வழக்கம் உண்டு. புளிப்பும் பொங்கலும் சேர்ந்தே வரும் இந்த முறைகள் வெப்ப நாடுகளில் நின்று நிலைத்திருக்கின்றன. அதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வேதியியல் காரணம் மாவுக்கே சாதகமானது. பிசைந்த மாவைப் பிரிஜ்ஜில் வைத்தால் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடும். மாவில் இருக்கும் நொதிகள் உறங்குவதில்லை. அமிலேஸ் மாவுச்சத்தை மெல்லச் சர்க்கரையாக்கும், புரோட்டியேஸ் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும்தான் அடுப்பின் சூட்டில் சேர்ந்து பொன்பழுப்பு நிறத்தையும் ரொட்டியின் மணத்தையும் உண்டாக்குகின்றன. அதனால் ஒரு இரவு பிரிஜ்ஜில் இருந்த மாவு, உடனே சுட்ட மாவைவிட நல்ல நிறமும் மணமும் தருகிறது. இது ஒரு எல்லை வரைக்கும்தான். நான்காம் ஐந்தாம் நாளுக்குள் அமிலமும் புரோட்டியேஸும் சேர்ந்து பின்னலைத் தளர்த்திவிடும். மாவு கையில் ஒட்டும், நிமிர்ந்து நிற்காது. அப்போதும் தூக்கிப் போட வேண்டியதில்லை. உயரம் தேவைப்படாத ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

இப்போது வாரத்தின் அட்டவணை. சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பின் பிசைவதுதான் போடிக்கு உகந்தது. பகல் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும். 600 கிராம் மைதா, 400 கிராம் கோதுமை மாவு, மோரும் தண்ணீரும் சேர்த்து 680 கிராம், உப்பு 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். புத்தகங்கள் ஒரு கிலோ மாவுக்கு 10 கிராம் ஈஸ்ட் சொல்லும். அது குளிர் அறைக்கு. நம் சூட்டில் பாதிக்கும் குறைவே போதும். உப்பைக் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போடுங்கள். இரண்டு சதவீத உப்பு ஈஸ்டின் வேகத்துக்குக் கடிவாளம்; குளூட்டனையும் விறைப்பாக்குகிறது. வெயில் காலத்தில் உப்பு குறைந்த மாவு தறிகெட்டு ஓடும்.

தண்ணீரின் சூட்டைக் கணக்கிட பேக்கரித் தொழிலில் ஒரு எளிய வழி உண்டு. பிசைந்து முடித்த மாவு எந்த வெப்பத்தில் இருக்க வேண்டுமோ அதை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் வெப்பத்தையும் மாவின் வெப்பத்தையும் கழிக்க வேண்டும். மீதி வருவது தண்ணீர் இருக்க வேண்டிய வெப்பம். மாவு 25 டிகிரியில் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: மூன்று மடங்கு 75. வைகாசியில் போடியில் அறையும் மாவும் ஆளுக்கு 34 என்றால் 68 போக மீதி 7. கையால் பிசையும் உராய்வுச் சூட்டுக்கு ஓரிரு டிகிரி கழித்தால் 5 அல்லது 6 டிகிரி. அதாவது பிரிஜ் தண்ணீரும் பிரிஜ்ஜில் இருந்த மோரும். மார்கழிக் காலையில் போடிமெட்டுப் பக்கம் அறையும் மாவும் 16 டிகிரியில் இருந்தால் 32 போக மீதி 43. அங்கே வெந்நீரை விளாவித்தான் ஊற்ற வேண்டும். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒருவர் பனிக்கட்டித் தண்ணீரும் இன்னொருவர் வெந்நீரும் ஊற்றினால்தான் ஒரே ரொட்டி வரும். மேலே இருப்பவர்கள் ஈஸ்டையும் 8 கிராம் வரை கூட்டிக்கொள்ளலாம், அல்லது நேரத்தைக் கூட்டலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு நேரத்தைக் கூட்டுவதே மேல். ருசி அதில்தான் இருக்கிறது.

பிசைந்த மாவு ஊரில் முக்கால் மணி நேரம் வெளியே இருந்தால் போதும். இரட்டிப்பாகும் வரை காத்திருக்க வேண்டாம். பாதி உப்பியதும் மூன்று பங்காக்கி, எண்ணெய் தடவிய மூடிப் பாத்திரங்களில் பிரிஜ்ஜுக்குள் வைத்துவிடலாம். பெரிய உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும், அதற்குள் உள்ளேயே புளித்துவிடும். தட்டையாக அமுக்கி வையுங்கள். முதல் பங்கு ஞாயிறு காலை, இரண்டாவது செவ்வாய், மூன்றாவது வியாழன். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு ரொட்டி ஒன்றரை நாளுக்குள் தீர்ந்துவிடும். தீராத துண்டுகளை உறைப்பெட்டியில் வைத்து, வேண்டியபோது தோசைக்கல்லில் நேராகச் சூடாக்கலாம். 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்துப் படிகம் கரைந்து ரொட்டி புதிதாகிவிடும்.

நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்ப்பது எப்படி என்று கேட்பார்கள். அச்சில் போட்டு உப்பவைத்த மாவில் ஈரவிரலால் மெல்ல ஒரு குழி அமுக்குங்கள். குழி சட்டென்று மேலெழுந்தால் இன்னும் காலம் இருக்கிறது. மெதுவாக எழுந்து பாதியில் நின்றால் அடுப்புக்கு நேரம் வந்துவிட்டது. எழாமலே கிடந்தால் பின்னல் தன் எல்லையைத் தாண்டி நீண்டுவிட்டது. அடுப்பில் அது அமுங்கும். அப்படிப்பட்ட மாவைத் திரும்பத் திரட்டி உருட்டி இன்னொரு முறை உப்பவைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அடுப்பு ஓடிஜி ஆகட்டும், குக்கருக்குள் உப்பு பரப்பி அதன்மேல் அச்சை வைப்பதாகட்டும், ரொட்டிக்குள் நடக்கும் வரிசை மாறாது. முதல் சில நிமிடங்களில் வாயு விரிகிறது, மாவில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிக் குமிழிகளில் சேர்கிறது, ஈஸ்ட் கடைசி வேகத்தில் வேலை செய்கிறது. ரொட்டி கண்ணெதிரே உயர்வது அப்போதுதான். 55 முதல் 60 டிகிரிக்குள் ஈஸ்ட் சாகும். அதன்பின் மாவுச்சத்து நீர் குடித்து வீங்கும், குளூட்டன் இறுகும், குமிழிகள் உடைந்து ஒன்றோடொன்று திறந்துகொள்ளும். நடுப்பகுதி 95 டிகிரியை ஒட்டும்போது வெந்துவிட்டது என்று கொள்ளலாம். மேல்ஓட்டில் ஈரம் வற்றி 140 டிகிரியைத் தாண்டிய பிறகே பழுப்பு நிறம் ஏறத் தொடங்கும். ஆவியில் வேகும் இட்லி எத்தனை நேரம் வைத்தாலும் வெள்ளையாகவே இருப்பதன் காரணமும் இதில் இருக்கிறது. குக்கரில் சுடுபவர்கள் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். ஆவி தேங்கினால் மேல்ஓடு நிறம் பிடிக்காது.

உயரம் இங்கே இன்னொரு விதத்தில் குறுக்கிடுகிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் நிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். போடியில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிப்பது மெட்டில் சுமார் 95இலேயே கொதித்துவிடும். டாப் ஸ்டேஷனில், அதாவது மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி அங்கிருந்து போடிக்குப் போன அந்த முகட்டில், சுமார் 94 டிகிரிதான். அங்கே சுடும் ரொட்டியின் உட்புறம் எத்தனை நேரம் வைத்தாலும் அதைத் தாண்டாது. சூட்டுமானியை நம்பி 96 வரும் வரை காத்திருந்தால் மேல்ஓடு கருகிவிடும். காற்றழுத்தமும் ஊரைவிட மெட்டில் எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு வாயு அங்கே அதிக இடம் பிடிக்கும், ஈரமும் விரைவில் ஆவியாகும். மேலே சுடுபவர்கள் மாவில் தண்ணீரை ஒன்றிரண்டு கரண்டி கூட்டி, அச்சில் மாவு முழுதாக உப்புவதற்குச் சற்று முன்பே அடுப்பில் வைத்துவிட வேண்டும்.

சுட்டதும் அச்சிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும். சூட்டோடு அறுத்தால் மாவுச்சத்து இன்னும் இறுகாததால் கத்தியில் பிசினாக ஒட்டும். சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வியர்த்து மறுநாளே பூசணம் வரும். மழைக்காலத்தில் துணியில் சுற்றி வைப்பது பிளாஸ்டிக் பையைவிட நல்லது. மேல்ஓடு சற்றுக் கடினமானாலும் பூசணம் தள்ளிப்போகும்.

வியாழக்கிழமைக்கு வைத்த மூன்றாவது பங்குக்கு இந்த ஊரின் சரக்கு ஒன்று சேர்கிறது. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சை மாறாத காய்க்குத்தான் ஏலத்தில் மதிப்பு. ரொட்டிக்கு அது வேண்டாம். வெடித்த காயும் வெளிறிய காயும் போதும். மணம் அதிகம் இருப்பது தோலில் அல்ல, உள்ளே இருக்கும் கறுப்பு விதையில். சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் அந்த மணத்தின் பெரும்பகுதி. இரண்டுமே எளிதில் ஆவியாகிப்போகும் எண்ணெய்கள். அதனால்தான் ஏலக்காய் ஸ்டோரில் காயை 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் மெல்ல உலர்த்துகிறார்கள். சூடு மிஞ்சினால் பச்சையும் போகும், எண்ணெயும் போகும். ஸ்டோரில் இரவெல்லாம் சூட்டைக் கண்காணிப்பவருக்கு ரொட்டிக்காரரின் வேலை சொல்லாமலே புரியும்.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஏலக்காய் போட்ட ரொட்டியும் பன்னும் அன்றாட உணவு. நம் மலையில் விளையும் செடியின் காய், நாம் பெரும்பாலும் பாயசத்திலும் டீயிலும் போடுவது, அங்கே ஈஸ்ட் மாவோடு பல தலைமுறைப் பழக்கம். அந்தச் சேர்க்கை ஈஸ்டுக்கும் ஒத்துப்போகிறது. பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைட் அளவு மிஞ்சினால் ஈஸ்டை மந்தமாக்கிவிடும். மாவிலேயே பட்டைத்தூளைக் கலந்தால் உப்புவது தாமதமாகும். ஏலக்காயில் அந்தப் பொருள் இல்லை. பயமில்லாமல் சேர்க்கலாம்.

ஐந்து நாள் ஆன மாவு தளர்ந்து புளித்திருக்கும். அதை அரை சென்டிமீட்டர் கனத்தில் சதுரமாகத் தட்டிக்கொள்ளுங்கள். 50 கிராம் வெண்ணெயோடு அதே அளவு நாட்டுச் சர்க்கரையும், அப்போது இடித்த ஏலவிதை ஒரு தேக்கரண்டியும் குழைத்து மேலே தடவி, பாயைப்போல் சுருட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையை மாவுக்குள் போட்டுப் பிசைந்தால் அது ஈஸ்டின் உடலிலிருந்து நீரை இழுத்து அதை முடக்கும். மடிப்புக்குள் தனியாக இருப்பதால் அந்தத் தொந்தரவு இல்லை. ஏலத்தின் எண்ணெய் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. வெண்ணெயில் குழைத்தால் அடுப்பின் ஆவியோடு ஓடிப்போகும் மணம் பெரிதும் உள்ளேயே தங்கும். மாவின் புளிப்பும் சர்க்கரையின் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும். பின்னல் தளர்ந்த மாவு உயரமாக நிற்காவிட்டாலும், வட்டமாக அடுக்கிய சுருள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். 200 டிகிரியில் 15 நிமிடம். குக்கர் என்றால் மிதமான தணலில் அரை மணி நேரம், பிறகு நிறத்துக்காகத் தோசைக்கல்லில் ஒரு புரட்டு. விதை எடுத்த ஏலத்தோலை டீத்தூள் டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.